யாங்கோனில் எழுத்து மாறியபோது

"கடிதம் வந்தது, எழுத்துத்தான் தெரியவில்லை." புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களில் இம்முறைப்பாடு அன்றாடம் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு நாட்டில் அண்ணன் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்புவார். வேறொரு நாட்டில் தங்கையின் கணனியில் அவ்வெழுத்துரு இராது. தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்து கிடக்கும். "தமிழ்" என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று உருமாறி நிற்கும். அம்மாவின் சுகவீனமோ, ஊரின் இழப்போ, கலியாணச் செய்தியோ, எதுவாயினும் எழுத்துரு வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இன்று எம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் தமிழ் தானாகவே தெரிகிறது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் நடந்ததென்பதை அவர்கள் அறியார். ஒரு மக்கள் கூட்டம் நாள்தோறும் கையாளும் எழுத்தின் ஒழுங்கை மாற்றினால் யார் வரவேற்பர், யார் மறுப்பர், யார் பின்தங்கிப் போவர்? இக்கேள்விக்கு விடைதேட இவ்வாரம் நாம் வங்கக் கடலின் மறுகரைக்குச் செல்வோம்.

எம் முன்னோர் ரங்கூன் என்று அழைத்த நகரம் 1989 முதல் யாங்கோன் என வழங்குகிறது. அனவ்ரதா வீதியில் தமிழர் எழுப்பிய காளி கோயில் அங்கே இருக்கிறது. 1960களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது அந்நகரைவிட்டு வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர் பலர். சென்னையின் பர்மா பஜாரும் மணிப்பூரின் மோரே நகரும் அவர்களின் கதையைச் சொல்லும். ஆகவே யாங்கோன் எமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று.

அந்நாட்டில் பர்மிய எழுத்தைக் கணனியில் காட்ட நீண்டகாலம் பெரும்பாலானோர் பயன்படுத்தியது "ஸோஜி" என்னும் எழுத்துரு. ஸோஜி என்பது பர்மியக் கதைகளில் காட்டிலே மூலிகை தேடி இரசவாதம் செய்து திரியும் சித்தரின் பெயர். 2007ஆம் ஆண்டையொட்டி அது பரவத் தொடங்கியது. அன்றைய கணனிகள் பலவற்றால் பர்மிய எழுத்தின் சிக்கலான சேர்க்கைகளை முறைப்படி காட்ட இயலவில்லை. ஸோஜியோ ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனித் துண்டாக வைத்திருந்தமையால் எந்தக் கணனியிலும் இலகுவாக வேலை செய்தது. எமக்குப் பாமினி வாய்த்தது போல அவர்களுக்கு ஸோஜி வாய்த்தது.

பின்னர் கைத்தொலைபேசி வந்தது. ஒரு காலத்தில் அங்கே ஒரு சிம் அட்டை வாங்க ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் தேவைப்பட்டது. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டு நுழைந்தபோது அதன் விலை 1,500 கியாட் ஆகச் சரிந்தது. ஏறத்தாழ ஒன்றரை டொலர். கணனியையே காணாத கோடிக்கணக்கானோர் நேரடியாகத் தொலைபேசித் திரைக்கு வந்து சேர்ந்தனர். யாங்கோன் வீதியோரக் கடைக்காரர் தொலைபேசியோடு ஸோஜியையும் முகநூலையும் சேர்த்தே நிறுவிக் கொடுத்தார். 2018இல் அந்நாட்டில் முகநூல் பாவனையாளர் சுமார் 2 கோடி. அவர்களுட் பலருக்கு இணையமென்றாலே முகநூல்தான், எழுத்தென்றாலே ஸோஜிதான்.

இதிலே குற்றம் என்ன என்று வாசகர் கேட்கலாம். உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்ணிடம் வழங்கும் யூனிகோட் ஒழுங்கில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. பர்மிய எழுத்துக்கு 1999இல் கிடைத்தது. 2008இல் பர்மியப் பகுதி திருத்தி விரிவாக்கப்பட்டது. அப்பகுதியில் உள்ளவை 160 இடங்கள். பர்மிய மொழிக்கு மட்டுமன்றி, அதே எழுத்து மரபைப் பின்பற்றும் மொன், ஷான், கரேன் முதலிய மொழிகளுக்கும் உரிய இடங்கள் அவை. ஸோஜி என்ன செய்ததென்றால், பர்மியத் துண்டெழுத்துகளை அடுக்குவதற்காக மற்ற மொழிகளின் இடங்களிலும் சென்று அமர்ந்துகொண்டது. ஆகவே ஸோஜி உள்ள தொலைபேசியில் ஒரு ஷான் மாணவன் தன் தாய்மொழியைச் சரிவர எழுதவோ படிக்கவோ இயலாது. பெரும்பான்மையினரின் வசதிக்காகச் சிறுபான்மையினரின் இருக்கைகள் ஓசையின்றிப் பறிபோயின. இதன் வலியை எம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. ஸோஜியில் ஒரே சொல்லைப் பல வகையாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணனியோ அவற்றை வெவ்வேறு சொற்களாகவே எண்ணும். ஆகையால் தேடினால் கிடைக்காது; அகரவரிசைப்படுத்த இயலாது; பெயர்ப் பட்டியலை ஒப்பிட முடியாது. 2017 ஓகஸ்ட் மாதத்தின் பின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிஞ்சா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓட நேர்ந்தது. அம்மக்களுக்கு எதிரான வெறுப்புரை முகநூலில் பரவியதை ஐக்கிய நாடுகளின் உண்மை கண்டறியும் குழு கடுமையாகச் சுட்டிக்காட்டியது. பர்மிய மொழியில் தீய பதிவுகள் பற்றிய முறைப்பாடுகள் குறைவாகவே வந்தமைக்கு எழுத்துருச் சிக்கலும் ஒரு காரணமென்று முகநூல் நிறுவனம் 2018இல் ஒப்புக்கொண்டது. எழுத்துருவின் ஒழுங்கீனம் உயிர்களோடு தொடர்புடைய விடயமாகிவிட்டது.

இந்நிலையில், 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் நாடு யூனிகோடுக்கு மாறும் என அரசு அறிவித்தது. அரச அலுவலகங்களும் தொலைபேசி நிறுவனங்களும் அந்நாளை "யூ நாள்" என்று குறித்துவைத்தன. மக்கள் இம்மாற்றத்தை எதிர்கொண்ட விதம் ஒன்றாக இருக்கவில்லை.

முதலாமவர், கணனித் துறை இளைஞர். ஆண்டுக்கணக்காக இம்மாற்றத்துக்காக வாதிட்டவர்கள் இவர்கள். மாற்றுக் கருவிகளை எழுதி இலவசமாக வழங்கினர். "ரேபிட்" என்னும் மாற்றி அவற்றுள் பெயர்பெற்றது. இவர்களுக்கு யூ நாள் ஒரு பெருநாள். ஆயினும் இத்தகையோரிடம் இயல்பாக ஒரு பொறுமையின்மையும் இருப்பதுண்டு. சரியான வழி தெளிவாக இருக்க மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை.

இரண்டாமவர், சாதாரணப் பாவனையாளர். இவருக்கு ஸோஜி என்பது ஓர் எழுத்துரு என்பதே தெரியாது. தன் மொழி அப்படித்தான் திரையில் வரும் என்றே எண்ணியிருந்தார். தன் பதிவு தனக்குச் சரியாகத் தெரிகிறது; நண்பரின் பதிவு சிதைந்து தெரிகிறது. ஆகவே பிழை நண்பருடையது என்பதே அவரது தீர்ப்பு. நண்பரும் தம் பக்கத்தில் அதே தீர்ப்பைத்தான் வழங்கினார்.

மூன்றாமவர், பலரோடும் பேசவேண்டியவர்: செய்தித் தளத்தார், வணிகர், தொண்டு நிறுவனத்தார். இவர்கள் எப்பக்கமும் சாயவில்லை. ஒரே செய்தியை முதலில் ஸோஜியிலும் கீழே யூனிகோடிலுமாக இருமுறை இட்டனர். பார்ப்பதற்கு அழகில்லை, வேலையும் இரட்டிப்பு. ஆனால் வாசகர் எவரும் கைவிடப்படவில்லை. இவர்களின் இச்சிறு மரியாதையை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

நான்காமவர், தட்டச்சர். இவரது துன்பம் தனியானது. தமிழில் "பெ" என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் வருகிறது. ஒலியிலோ "ப்" முந்தி, "எ" பிந்தி. பர்மிய மொழியிலும் இதேபோன்றதொரு குறி உண்டு. தட்டச்சுப்பொறியிலும் ஸோஜியிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் குறியை முதலில் தட்டவேண்டும். யூனிகோடிலோ எழுத்து முந்தியும் குறி பிந்தியும் சேமிக்கப்படும். முப்பது ஆண்டு பழகிய விரல்களை ஒரே நாளில் திருப்பிவிட முடியுமா? பாமினியில் கொம்பை முதலில் தட்டிப் பழகிய எம் பத்திரிகை எழுத்துக்கோப்பாளர்களும் இதே துன்பத்தை அறிவர். குறியை முதலில் தட்டினாலும் உள்ளே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் விசைப்பலகைகளைச் சிலர் உருவாக்கியபோதுதான் இத்தகையோருக்கு ஆறுதல் பிறந்தது. மனிதரின் விரலை மாற்றுவதிலும் பொறியை மாற்றுவது எளிது என்பதை உணர்ந்தவர் செய்த வேலை அது.

ஐந்தாமவர், பதிப்பாளர். நூல்கள் அச்சிடும் இவர்களுட் பலர் ஸோஜிக்கும் முந்திய "வின்" வகை எழுத்துருக்களில் வேலை செய்தனர். தம்மிடமுள்ள பழைய கோப்புகள் அனைத்தையும் மாற்றிப் பிழைதிருத்துவதென்றால் பொருளும் காலமும் வேண்டும். அவர்களின் தயக்கம் கணக்குப் பார்த்து வந்த தயக்கம்.

ஆறாமவர், மொன், ஷான், கரேன் முதலிய மக்கள். மற்றவர்க்கு இது புதிய ஒழுங்கு. இவர்களுக்கோ இழந்த இருக்கை திரும்பக் கிடைத்த நிகழ்வு. "பியிதாவுங்சு" என்னும் அரச யூனிகோட் எழுத்துருவில் பர்மிய மொழியோடு இம்மக்களின் மொழிகளும் ஒரே பக்கத்தில் அமரலாம்.

வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற நமக்கு இது வியப்பளிக்கவில்லை. புதிய பாடநூல் வரும்போதும் இவ்வாறே நிகழும். பாடம் ஒன்றே, ஆனால் அதை முன்னரே வீட்டில் கற்ற பிள்ளைக்கு அது மகிழ்ச்சி, பழைய நூலை அண்ணனிடமிருந்து இரவல் பெற்ற பிள்ளைக்கு அது செலவு, கண்பார்வை குறைந்த பிள்ளைக்கு அது அச்சம். இவர்களுள் எவரையும் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ சொல்வது ஆசிரியருக்கு அழகன்று. ஒருவர் மாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பது, அம்மாற்றத்தில் அவர் எதை இழக்க நேர்கிறது என்பதைப் பொறுத்ததே.

யாங்கோன் மக்களின் ஐயத்துக்குப் பழைய காரணங்களும் உண்டு. 1970இல் வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் வழக்கம் ஆணையால் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. வண்டிகளின் அமைப்போ மாறவில்லை. அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் வலப்பக்கச் சுக்கான் பூட்டிய வண்டிகளே வீதிகளில் ஓடின. பயணிகள் நடைபாதையில் இறங்காமல் நடுவீதியில் இறங்கவேண்டிய பேருந்துகளும் அவற்றுள் இருந்தன. 1987 செப்டெம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாதவை என்று திடீரென அறிவிக்கப்பட்டன. ஈடு எதுவும் வழங்கப்படவில்லை. வாழ்நாள் சேமிப்பைத் தாளாக வீட்டில் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வறியவராயினர். அதன்பின் 45, 90 கியாட் தாள்கள் வெளிவந்தன. இவ்வாறு பட்டறிந்த ஒரு முதியவரிடம் "நாளை முதல் புது எழுத்து" என்று கூறினால், "பழையது என்னாகும்?" என்று அவர் முதலில் கேட்பது இயல்பே. அது நியாயமான கேள்வியும்கூட.

எழுத்து மாற்றத்தில் அக்கேள்விக்கு ஓரளவு நல்ல விடை கிடைத்தது என்பதே நாம் கவனிக்கவேண்டிய செய்தி. பணத்தாள் மாற்றத்தில் இல்லாத பாலம் இங்கே இருந்தது. ஒரு பகுதி ஸோஜியா யூனிகோடா என்பதை எழுத்துகளின் வரிசையை நோக்கிக் கணித்தறியும் கருவியைக் கூகிள் நிறுவனத்தார் எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். முகநூல், பதிவு எவ்வகையில் எழுதப்பட்டிருந்தாலும் படிப்பவரின் தொலைபேசிக்கு ஏற்றவாறு தானே மாற்றிக் காட்டும் ஏற்பாட்டைச் செய்தது. மிகக் குறுகிய சொற்களில் இக்கருவிகள் தடுமாறுவதுண்டு. ஆயினும் பழைய தொலைபேசி வைத்திருந்த பாட்டியும் புதிய தொலைபேசி வாங்கிய பேரனும் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க வழி பிறந்தது. பழையதை ஒரே நாளில் செல்லாக்காசாக்காமல், இரண்டும் சிலகாலம் அருகருகே வாழ இடமளித்த இந்த ஏற்பாடே மாற்றத்தைத் தாங்கிப் பிடித்தது.

தமிழிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978 ஒக்டோபரில் ஆணையாக்கியது. யானைத் துதிக்கை போன்று வளைந்த பழைய "லை", "னை" முதலியவை மறைந்து இன்றைய வடிவங்கள் வந்தன. பழைய வடிவில் கற்ற முதியோர் கடைசிவரை அப்படியே எழுதினர். பேரப்பிள்ளைகள் அவர்களின் கடிதங்களைச் சற்றுத் தடுமாறியேனும் படித்தனர். தாளில் எழுதிய எழுத்துக்கு இந்த நற்பேறு உண்டு: வடிவம் பழையதாயினும் கண் இருந்தால் படிக்கலாம். கணனிக் கோப்புக்கு அந்நற்பேறு இல்லை. எழுத்துரு மறைந்தால் எழுத்தும் மறைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதத்தில் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னைய ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலத் தமிழ்க் கோப்புகள் பல்வேறு எழுத்துருக்களில் சிதறிக் கிடக்கின்றன.

மியன்மாரில் 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 4ஆம் திகதி முகநூல் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் தாய்லாந்துக்கும் இந்தியாவின் மிசோரம் மாநிலத்துக்கும் எல்லை கடந்து ஓடியவர்கள் பலர். ஓடுகின்றவர் கையில் எடுத்துச்செல்வது தொலைபேசி ஒன்றே. அதிலுள்ள செய்தி மறுமுனையில் எழுத்தாகத் தெரிகிறதா, சிதைவாகத் தெரிகிறதா என்பது அவ்வேளையில் சிறிய விடயமன்று. அகதி வாழ்வை அறிந்த எமக்கு இது உடனே விளங்கும்.

இனி எம் வீட்டுக்கு வருவோம். அலமாரிகளில் பழைய நெகிழ்தட்டுகளும் குறுந்தட்டுகளும் தூங்குகின்றன. அவற்றுள் அப்பா தட்டிவைத்த குடும்ப வரலாறு இருக்கலாம்; அகதி விண்ணப்பத்துக்கு எழுதிய வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதி இருக்கலாம்; ஊர்ச் சங்க மலரின் மூலம் இருக்கலாம். அநேகமாக அவை பாமினியிலோ அதுபோன்ற வேறொன்றிலோ இருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். இவ்வேலையைப் பிற்போட இயலாது.

செய்யவேண்டியவை சிலவே. முதலில், எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளதென்று எழுதியவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பழகிவிடுவர். மாற்றியபின் அப்படியே நம்பிவிடாதீர்கள். தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். "ஸ்ரீ" முதலிய எழுத்துகளும் பிறழ்ந்திருக்கலாம். எழுதியவரை அருகில் இருத்தி, ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்புநோக்குங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், திகதி ஆகிய மூன்றையும் இருமுறை பாருங்கள். கடவுச்சீட்டிலும் வதிவிட ஆவணங்களிலும் ஓர் எழுத்துப் பிழையால் அலைந்தவர்கள் எம்மிடையே குறைவல்லர். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

இளையோருக்கு ஒரு சொல். தாத்தா புதிய எழுத்துமுறைக்கு வரத் தயங்கினால் அவரைப் பரிகசிக்காதீர்கள். "பழையது என்னாகும்?" என்பதே அவரது அச்சமாயின், பழையதைக் காப்பாற்றிக் காட்டுங்கள்; புதியதற்கு அவர் தாமாகவே வருவார். முதியோருக்கும் ஒரு சொல். பிள்ளை வந்து கேட்கும்போது "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிடாதீர்கள். அக்கோப்பில் என்ன இருக்கிறதென்று அறிந்தவர் இவ்வுலகில் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.

வருகின்ற விடுமுறை நாளில் அலமாரியைத் திறவுங்கள். ஒரு தட்டோடு தொடங்கினாலும் போதும்.